வசில் சித்தப்பா செத்தது எப்படி என்று உடனே தெரிவிக்கவும்

வான்கூவர்,
மே 6

அன்புள்ள ஸ்டெஃப்கா அக்காவுக்கு, தம்பி நெஸ்டர் சொல்ல, மனைவி மார்லீன் எழுதுவது. ஆண்டவர் உனக்கும் உன் மாடுகளுக்கும் சுகம் தந்திருப்பார் என்று நம்புகிறேன். எனக்கு அவ்வளவாகத் தரவில்லை.

உர அமோனியா குழாய் வெடித்து என் கண்கள் போய்ப் பதினோரு வருஷம். பிப்ரவரியில் என் கோரைப்பல்லைப் பிடுங்கி, துளைத்து, ஒரு லென்ஸைப் பொருத்தி, கன்னத்துக்குள் வைத்துத் தைத்தார்கள் அல்லவா, இன்று அதை எடுத்து, பார்வை வருவதற்காகக் கண்ணில் நடுவதாக இருந்தது. எட்டு மணி நேர வேலை. நடுவில் ஒருமுறை இருமினாலும் கண்ணுக்குள் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடுமாம். கட்டையாகத் தூங்க வேண்டும். தூங்க வைப்பவர் டாக்டர் மாக்னூசன் என்ற அம்மாள். போன தடவையே அவர், குடும்பத்தில் யாராவது மயக்க மருந்தில் இறந்ததுண்டா என்று கேட்டார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் மேஜையில் படுத்த வசில் சித்தப்பா எழவே இல்லை என்றுதானே அப்பா சொன்னார்? ஆபரேஷன் நின்றுவிடுமே என்று பயந்து, இல்லை என்றேன். அந்தத் தடவை பிழைத்துக்கொண்டேன். நேற்றும் கேட்டார், நேற்றும் இல்லை என்றேன். அவர் பேச்சோடு பேச்சாக, சில குடும்பங்களுக்கு அந்த மயக்க வாயு ஒத்துக்கொள்ளாது, உடம்பு அடுப்பாய்க் கொதிக்கும், முதல் தடவை தப்பியவரும் இரண்டாம் தடவை மாட்டுவதுண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். அதுக்கப்புறம் நான் எங்கே தூங்குறது அக்கா, நெத்தி சுடுதா பாருன்னு மார்லீனை நாலு தடவை எழுப்பினேன். காலையில தள்ளுவண்டியில கொண்டு போறாங்க, கதவு திறக்குற சத்தம் கேக்குது, என் கை தானா நீண்டு யார் சட்டையையோ பிடிச்சிடுச்சு.

"டாக்டர், ஒரு சித்தப்பா இருந்தார்."

நான் பிடிச்சது டாக்டர் சட்டையைத்தான், வண்டியை நிறுத்தச் சொன்னாங்க.

"ரெண்டு தடவை மறைச்சீங்களா?"

"கண்ணு வேணுமே டாக்டர்."

"பார்க்கறதுக்கு நீங்க இருக்கணுமே, நெஸ்டர்."

திட்டவில்லை. இரண்டு வாரம் தள்ளிவிட்டார். வாயுவே இல்லாமல் ஊசியிலேயே தூங்க வைப்பாராம், ஆனாலும் சித்தப்பா கதை முழுவதும் வேண்டுமாம். நீ ஞாயிறு தவிரப் போன் எடுக்க மாட்டாய், ஆகையால் கடிதம். நான் எழாவிட்டால் சிவப்பு டிராக்டர் உன் மகனுக்கு. (எழுத மாட்டேன் என்கிறாள். எழுது.)

உன் வீட்டில் எல்லோருக்கும் ஆண்டவர் துணை இருக்கட்டும்.

பயத்துடன்,
நெஸ்டர்

பின்குறிப்பு, மே 26: அண்ணி, இதைத் தபாலில் போட மறந்து கைப்பையிலேயே வைத்திருந்தேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை போனில் இவர் கேட்டதும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். சித்தப்பா மேஜையிலிருந்து குதித்து, முதுகு திறந்த ஆஸ்பத்திரி அங்கியோடு ஓடிப்போய், ரெஜைனா நகரத்தில் ரொட்டிக்கடை வைத்து எண்பத்தொரு வயதுவரை வாழ்ந்தார் என்றும், மானம் போனதால் உங்கள் அப்பா வெறும் வாயாலேயே அவரைச் சாகடித்துவிட்டார் என்றும் டாக்டரிடம் சொன்னேன். சிரித்தார். ஆனாலும் வாயு கொடுக்கவில்லை. எட்டு மணி நேரமும் டாக்டர் இவர் தலைமாட்டை விட்டு நகரவில்லையாம்.

இன்று கண் கட்டைப் பிரித்தார்கள். இவர் என்னையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"மார்லீன், எப்பலேர்ந்து கண்ணாடி போடுறே?" என்றார்.