இண்டர்நெட் இலவசம், ஞாயிறு காலை தவிர

இலவசமாக எதையாவது தருகிறேன் என்று சொல்கிறவர்களைக் கண்டால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். நல்ல மனசுக்காரர்களாகத்தான் இருப்பார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நானும் ஒரு காலத்தில் இலவசமாகக் கொடுத்தவள். அதனால் அந்த நல்ல மனசுக்குள் எவ்வளவு பீற்றல் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மலாக்கா பக்கம் டுரியான் துங்காலில் அப்பாவுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. எட்டு மேசை, ஒரு கல்லா, கல்லா மேல் ஒரு டெலிபோன். தொண்ணூறுகளின் கடைசி அது. நான் மலாக்கா டவுனில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு, உலகத்தையே முடித்தவள் மாதிரி வீடு திரும்பியிருந்தேன். (சான்றிதழில் என் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள். அப்படியே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டேன்.) கோர்ஸ் நடத்தியவர் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் கையோடு கொண்டுவந்தேன். அதைக் கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் வைத்து, ‘சாப்பிட வருவோருக்கு இண்டர்நெட் இலவசம்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டும் என்பது என் திட்டம்.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “இருக்கிறது ஒரு போன் லைனு. நீ அதுல இண்டர்நெட்டு விட்டா போன் எப்படிம்மா வரும்?”

“வராதுப்பா. எங்கேஜ்னு சொல்லும். கொஞ்ச நேரந்தானே லா.”

“அப்ப ஞாயித்துக்கிழமை காலையில வேணாம்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டுகிறவர்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் வேலை செய்யும் அவர்களுடைய பிள்ளைகள் ஞாயிறு காலையில் எங்கள் கடை நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். பத்து மணிக்கு ஒரு வீடு, பத்தரைக்கு ஒரு வீடு என்று நேரம் பிரித்து வைத்திருந்தார்கள். தாய்மார்கள் தலை வாரி, பூ வைத்து, கோயிலுக்கு வருகிற மாதிரி வருவார்கள். ஒரு தேத்தண்ணியை ஒன்றரை மணி நேரம் குடிப்பார்கள். ‘ஞாயிறு காலை தவிர’ என்று அட்டையின் கீழே பொடி எழுத்தில் சேர்த்தேன். அவ்வளவு பொடியாக நான் அதுவரை எழுதியதே இல்லை.

அந்த ஞாயிறு அப்பாவும் அம்மாவும் புக்கிட் காத்திலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். போகும்போது, “பதினோரு மணிக்கு லெட்சுமிக்குப் போன் வரும், பாத்துக்க” என்று அப்பா இரண்டு தடவை சொன்னார்.

லெட்சுமி அக்கா பத்தரைக்கே வந்துவிட்டார். கணவர் இல்லை, ஒரே மகன் குமார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருடம் ஊர் திரும்ப முடியாது. அன்றைக்கு மதியம் ஒரு மணிக்குக் கப்பலில் ஏற வேண்டும். பதினோரு மணிக்கு ரோட்டோரப் போனிலிருந்து கூப்பிடுகிறேன், நீ வேண்டாம் என்றால் போகமாட்டேன் என்று கடிதம் போட்டிருந்தான். அந்தக் கடிதத்தை அக்கா கைக்குட்டைக்குள் மடித்து வைத்திருந்தார்.

“என்னக்கா சொல்லப் போறீங்க?”

“போவாதடான்னுதான். தண்ணி மேல போற பொழப்பு நமக்கு எதுக்கு?”

பத்தே முக்காலுக்கு மாஸ்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நான் மூன்றாம் பாரத்தில், பதினைந்து வயதில் படித்தபோது வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, “பிள்ளை, உமக்கு அப்பாவின்ர கல்லாவே போதும்” என்றவர். ஆறு வருடமாக அந்த வார்த்தை எனக்கு ஆறவில்லை. இப்போது அவர் அட்டையைப் படித்துவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, “லண்டனில இருக்கிற மகளுக்கு ஒரு ஈமெயில் அனுப்ப ஏலுமோ?” என்று என்னிடம் கேட்கிறார். என்னிடம்!

அந்த வினாடியில் ‘இன்றைக்கு ஞாயிறு, மாஸ்டர்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன் லைனைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். பூனைகள் சண்டை போடுகிற மாதிரி கத்தி முடித்து, இண்டர்நெட் வந்தது.

மாஸ்டர் ஒற்றை விரலால் அடிக்கிறவர். ‘அன்புள்ள மகளுக்கு’ என்பதை ஆங்கிலத்தில் முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. ஒரு எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்தால் சின்னதாகச் சிரிப்பார். தப்பாகிவிட்டால் முழு வரியையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வருவார். நான் அவர் பின்னால் நின்று, தேவையில்லாத இடத்தில் எல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். “கெட்டிக்காரிதான்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் மயங்கிப்போனேன்.

பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. லெட்சுமி அக்கா எழுந்து கல்லாவுக்கு வந்தார்.

“வசந்தி, போன் நல்லா இருக்காம்மா? எடுத்துப் பாக்கவா?”

ரிசீவரை எடுத்தால் இண்டர்நெட் அறுந்துவிடும். மாஸ்டர் மூன்றாவது பத்தியில் இருந்தார். நான் ரிசீவர் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னேன். “எடுக்காதீங்கக்கா! நீங்க எடுத்து வச்சிருந்தா தம்பி கூப்பிட்டா எங்கேஜ்னு வந்துரும்.”

இதைச் சொன்னது நான்தான். எத்தனை வருடம் போனாலும் நம்ப முடியவில்லை.

அக்கா பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டார். “ஐயையோ, ஆமால்ல” என்று தன்னையே திட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்தப் போனுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்கு அக்கா கடிதத்தை எடுத்து, நேரம் சரிதானா என்று பார்க்கத் தொடங்கினார். அதற்கு மேல் முடியவில்லை. மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரிசீவரைத் தூக்கி, லைன் அறுந்ததும் திரும்ப வைத்தேன். திரை அப்படியே நின்றது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஒற்றை விரலால் கட்டிய கடிதம், அனுப்புவதற்கு முன்னாலேயே போய்விட்டது.

“என்ன பிள்ளை, மகளுக்குப் போயிட்டுதோ?” என்றார் மாஸ்டர்.

நான் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். நான் எடுத்தேன். மறுமுனையில் ஒரு குரல், “ஹலோ, உங்க கடையில இண்டர்நெட்டு சும்மா குடுக்கிறீங்களாமே, இன்னிக்கு இருக்கா?” என்றது.

அதன் பிறகு போன் அடிக்கவே இல்லை. ஒரு மணி ஆனது. இரண்டு மணி ஆனது. அப்பா கல்யாணச் சாப்பாட்டு ஏப்பத்தோடு வந்து இறங்கியபோது நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அப்பா என்னைத் திட்டவில்லை, அக்கா பக்கம் திரும்பவும் முடியாமல் நின்றார். அக்கா கடிதத்தை மடித்துக் கைக்குட்டைக்குள் வைத்தார். பிறகு, “எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா. நானே மாஸ்டர் ஐயாகிட்டக் கேட்டிருப்பேன். பிள்ளைய தூரத்துல வச்சிருக்கவரு, உடனே எழுந்திருச்சிருப்பாரு” என்றார்.

அதுவரை போகாமல் இருந்த மாஸ்டர், நான் ஒப்பிக்க ஆரம்பித்தபோதே எழுந்து நின்றிருந்தார். அன்றைக்குப் பிறகு அவர் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அட்டையை அன்றே கிழித்துப் போட்டேன்.

குமார் பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை விடாமல் கூப்பிட்டிருக்கிறான். எங்கேஜ், எங்கேஜ், எங்கேஜ். அம்மா கோபத்தில் ரிசீவரை எடுத்துக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு கப்பலேறினான். ஏழு மாதம் கடிதமே போடவில்லை. அந்த ஏழு மாதமும் அக்கா ஞாயிறு தவறாமல் பதினோரு மணிக்கு வந்து உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைப்பேன். அவர் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

நல்லவேளை, இந்தக் கதை அங்கே முடியவில்லை. எட்டாம் மாதம் அவன் கடிதம் வந்து, நடந்தது என்னவென்று இரண்டு பக்கமும் புரிந்தது. குமார் கப்பலிலேயே நிலைத்தான், முன்னுக்கு வந்தான், தோட்டத்து வீட்டிலிருந்து அம்மாவை அழைத்து வந்து டவுனில் வீடு வாங்கிக் கொடுத்தான். அதிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் ‘ஏஜெண்டு’. சொந்தத்தில் யாருக்காவது வெளிநாட்டில் வேலை வேண்டுமென்றால் போதும், “வசந்திய கூப்பிடு, ஒரு போன்ல அனுப்பி வச்சிரும்” என்பார் அப்பா. என் கல்யாணத்திலேயே மாப்பிள்ளை வீட்டாருக்கு இதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். குமாரும் வந்திருந்தான். அவன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

சில வருடம் கழித்து ஒரு தீபாவளிக்கு லெட்சுமி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கேயும் யாரோ ‘ஏஜெண்டு வந்துட்டாங்க’ என்று ஆரம்பித்து, கதை முழுக்க ஓடி முடிந்தது. எல்லாரும் முறுக்கும் கையுமாக முன்னறைக்குப் போன பிறகு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

“அக்கா, அன்னிக்குப் போன் வந்திருந்தா, போவாதன்னு சொல்லியிருப்பீங்கல்ல?”

அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டே யோசித்தார். “எங்கேம்மா சொல்றது... அவன் கொரலக் கேட்டா எனக்கு வேணாம்னு சொல்ல வராது. போயிட்டு வாடான்னுதான் சொல்லியிருப்பேன்.”

எனக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது. எப்படியும் போயிருக்கத்தான் போகிறான்! இத்தனை வருடம் சுமந்ததை இறக்கி வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

“ஆனா என் வாயால போயிட்டு வாடான்னு கேட்டுட்டுப் போயிருப்பான்ல” என்றார் அக்கா. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.