ஆயுதபூசையும் என் அலுமாரியும்

ஒரே ஒரு ஆணி அடிப்பதற்கு உலகத்திலேயே அதிக காலம் எடுத்துக்கொண்ட மனிதர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில்தான் இருந்தார். நான் கதை அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி, அந்தக் காலத்து ஆள் யாராவது மிச்சம் இருந்தால் அவரிடம் "ஆயுதபூசை" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார், பிறகுதான் பேசுவார்.

பெற்றோர் வைத்த பெயர் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கெல்லாம் அவர் ஆயுதபூசைதான். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே பெட்டி அடிப்பது அவர் வேலை. தேயிலைப் பெட்டிகள் பெட்டியாக வருவதில்லை. மெல்லிய பலகைகளாகக் கட்டுக்கட்டாக வரும். அவற்றை நிறுத்தி, சட்டம் வைத்து, விளிம்பில் தகரப் பட்டி ஓட்டி, ஆணி அடித்துப் பெட்டியாக்க வேண்டும். தேயிலை நிரம்பியதும் மூடியை அறைந்து, தோட்டத்தின் பெயரை மையால் குத்திவிட்டால் அது ரயிலேறி, கப்பலேறி லண்டன் போய்விடும்.

ஸ்டோரில் அவருக்கு ஒரே சுத்தியல். முதுகுக்குப் பின்னால் ஸ்டோர் பொறுப்பாளரான டீமேக்கர் நிற்பார். கை தானாக ஓடும். ஆயுதம் தேர்ந்தெடுக்கும் ஆசையை எல்லாம் மனிதர் எங்கள் வீடுகளுக்காகவே சேர்த்து வைத்திருந்தார்.

வீட்டு வேலைக்குக் கூப்பிட்டால் ஒரு சாக்கோடு வருவார். மூன்று சுத்தியல், நாலு திருப்புளி, இரண்டு குறடு, மரம் அறுக்கும் ஒரு வாள், தேயிலைச் செடி வெட்டித் தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தி, எதற்கென்று அவருக்கே தெரியாத ஒரு வளைந்த இரும்பு, எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்புவார். ஒன்றைத் தூக்குவார், வேலையைப் பார்ப்பார், ஆயுதத்தைப் பார்ப்பார், திரும்ப வைத்துவிடுவார். பெண் பார்க்கப் போன மாமியாருக்குக்கூட அவ்வளவு குறை கண்ணில் படாது.

நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். என் நாற்காலிக்குக் கால் ஆடியது.

"இந்தச் சுத்தியல் கொஞ்சம் கோவக்கார சுத்தியலுங்க வாத்தியாரய்யா. நாற்காலிக்கு ஆகாது."

"அப்ப அதை எடுங்களேன்."

"அதுக்கு வயசாயிருச்சுங்க. பாவம்."

தைப்பொங்கலுக்குத் தொடங்கிய இந்த ஆராய்ச்சி சித்திரை வரை நடந்தது. அதுவரை நான் நின்றுகொண்டே பாடம் நடத்தினேன்.

ஒருமுறை துரையின் பங்களாவில் குதிரைப் படம் ஒன்றை மாட்ட இவரைக் கூப்பிட்டார்கள். சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், வெளியே வந்து சமையல்காரரிடம், "இன்னைக்குச் சுவரு சரியில்லீங்க, நாளைக்குப் பாப்போம்" என்றார். துரை பொறுமை இழந்து, காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றி அதன் குதியாலேயே ஆணியை அடித்துவிட்டார். இதை ஆயுதபூசை பல வருடம் சொல்லி மாய்ந்துபோனார்.

"நாட்டையே ஆண்டவங்க கடைசில சப்பாத்தால ஆணி அடிக்கிறாங்க. பொறவு எப்பிடிங்க ஆட்சி நிக்கும்? அதான் சுதந்திரத்தக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

சாக்கின் அடியில் பட்டுத்துணி சுற்றிய ஒரு உளி இருக்கும். ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்கார இஞ்சினியர் கொடுத்தது. வருடம் ஒருநாள், ஆயுத பூசையன்று மட்டும் வெளியே வந்து விபூதி, குங்குமம் வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போய்விடும். எந்த மரத்திலும் பட்டதில்லை. ஏன் என்று கேட்டால், "அதுக்குத் தகுந்த மரம் இன்னும் வரலீங்க" என்பார்.

இந்த நிலையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் இறம்பொடைப் பக்கம். அவள் அப்பா பெரிய கங்காணி, தலைப்பாகையோடு பிறந்தவர் மாதிரி இருப்பார். பேச்சு முடியும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மாப்பிள்ள, எம்புள்ள கொடியில சேலை தொங்குற வீட்டுக்கு வாழ வரமாட்டா. அலுமாரி இருக்கணும்."

கொழும்புக் கடையொன்றுக்கு எழுதிப்போட்டேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்க, றொசல்ல ஸ்டேஷனுக்கு அலுமாரி வந்தது, பலகை பலகையாக, பாய் மாதிரிக் கட்டி. கூடவே ஒரு காகிதம். அதில் இங்கிலீசில் எழுதியிருந்ததை, வேலைக்குக் கூப்பிட்ட ஆயுதபூசைக்குப் படித்துச் சொன்னேன்: இதைப் பொருத்திப் பூட்ட ஒரு திருப்புளி போதும்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒரே ஒரு திருப்புளியா? அலுமாரியக் கேவலப்படுத்துறாங்கய்யா."

ஐந்து நாள் பரப்பினார், தூக்கினார், வைத்தார். சுத்தியல்களை விசாரித்தார். குறடுகளிடம் குறை கண்டார். வாளை எதற்கு எடுத்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆறாம் நாள் எல்லாவற்றையும் கழித்துக்கட்டிவிட்டு, காகிதம் சொன்ன அதே திருப்புளியில் வந்து நின்றார். அலுமாரி ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்றது.

"பாத்தீங்களா? சரியான ஆயுதம்னா ஒரு மணி நேரந்தாங்க."

வீடு ஒற்றை அறை. சொந்தக்காரர்கள் கால் வைக்க இடமில்லாமல் நிறைந்திருந்தார்கள். தாலியையும் கூறைச்சேலையையும் பத்திரமாக அலுமாரிக்குள் வைத்துவிட்டு, கல்யாணத்தன்று காலையில் மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் குளிக்கப் போனேன். கதவை ஒருதரம் சரிபார்க்கும்படி ஆயுதபூசையிடம் சொன்னது நான் செய்த பாவம்.

திரும்பி வந்தபோது அலுமாரியைச் சுற்றிப் பளபளவென்று தகரப் பட்டி. கதவின் நாலு பக்கமும் விரலிடைக்கு ஒரு ஆணி. நெற்றியில் தோட்டத்தின் பெயர், அதற்குக் கீழே நம்பர். பக்கத்தில் ஸ்டோர்ச் சுத்தியலோடு அவர் நின்றார்.

"சாமான் உள்ள வச்சுட்டீங்கல்ல, மூடிட்டேங்க. ஈரம் ஒரு சொட்டு எறங்காது" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே உறைத்தது.

"உள்ளே இருக்கிறது தேயிலை இல்லைங்க, தாலி" என்றேன். எனக்கு அழுகை வந்தது.

"கை பழக்கத்துல போயிருச்சுங்கய்யா."

"சரி, திறங்க."

"தொறக்கவா? நான் பெட்டி அடிச்சுத்தாங்க பழக்கம். தொறக்கிறது லண்டன்ல உள்ளவங்க வேலை."

அந்த நேரம் பார்த்து மாமனார் வந்து நின்றார். பெண் வீட்டார் லொறி கோயிலடிக்கு வந்துவிட்டது, முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்தான், தாலியைக் கொண்டுவரச் சொல்லிப் பூசாரி ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். யாரோ கதவை நெம்பி உடைக்க அலவாங்கை எடுத்துவந்தார்கள். மாமனார் கையை நீட்டித் தடுத்தார்.

"அலுமாரி ஒடைஞ்சா எம்புள்ள லொறிய விட்டு எறங்கமாட்டா. சொல்லிட்டேன்."

ஆயுதபூசை சாக்கைப் பிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், வரிசையாகப் பரப்பத் தொடங்கினார். ஒரு திருப்புளியைத் தூக்கினார், பார்த்தார், வைத்தார். அதுவரை மரியாதை தவறாத நான் கத்திவிட்டேன்.

"யோவ், எதையாவது எடுய்யா. என் வாழ்க்கை உள்ள கெடக்கு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எதையும் பார்க்கவில்லை. சாக்கின் அடியில் கைவிட்டு, பட்டுத்துணியை உதறி அந்த உளியை எடுத்தார். கதவிடுக்கில் கொடுத்து நெம்பினார். தகரம் கிழிந்தது. ஒவ்வொரு ஆணியாகக் கிளம்பி வந்தது. கடைசி ஆணியில் டக்கென்று ஒரு சத்தம். கதவு திறந்துகொண்டது, உளியின் முனை முறிந்து கதவுச் சட்டத்திலேயே தங்கிவிட்டது. அதையும் ஆணித் துளைகளையும் தவிர மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

கையிலிருந்த மொட்டை உளியைத் துணியில் சுற்றிக்கொண்டே, "போங்கய்யா, நேரமாச்சு. தகுந்த மரந்தான்" என்றார். அவர் முகத்தைப் பார்க்காமலே நான் தாலியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மாமனார் அலுமாரியின் நெற்றியிலிருந்த மையைத் தடவிப் பார்த்து, கொம்பனியே முத்திரை குத்திக் கொடுத்த அலுமாரி என்று இறம்பொடை முழுக்கச் சொல்லித் திரிந்தார். நான் மறுக்கவில்லை.

அந்த அலுமாரி இன்னும் எங்களிடம் இருக்கிறது. அந்த முனையைப் பிடுங்கி எடுக்கலாம் என்று எத்தனையோ தச்சர்கள் சொல்லிவிட்டார்கள், என் மனைவி விடமாட்டாள். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் விளக்கேற்றி முடிந்ததும் அந்தத் துண்டு இரும்புக்கு முதல் பொட்டை அவள்தான் வைக்கிறாள்.