சகலனின் வெள்ளைக் குதிரை

சுவிசுக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பயணக்கதை இருக்கிறது. அந்தக் கதைகளுக்குள்ளும் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு உண்டு. என்னுடையது மூன்றாம் வகுப்பு. களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் உக்ரேனில் ஓர் அறைக்குள் பதினொரு பேரைப் பூட்டி வைத்தான். ஏழு மாதம் உருளைக்கிழங்கு தின்றோம். அவ்வளவுதான். நான் இரண்டாவது உருளைக்கிழங்குக்கு வருவதற்குள் கேட்பவர்கள் ரோல்ஸ் எடுக்க எழும்பிப் போய்விடுவார்கள்.

என் சகலன், அதாவது மனைவியின் அக்கா புருஷன், முதல் வகுப்பு. ஏஜென்சிக்காரன் அவரைக் கைவிட்டது பிலிப்பைன்ஸில். அங்கே அமெரிக்கர்களின் பழைய குதிரைப்படை முகாமில் குதிரைகளைப் பராமரித்தாராம். பின்னேரங்களில் அணிவகுப்பு மைதானத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் குதிரையில் பறப்பாராம். நாங்கள் இருக்கும் எம்மன்புரூக்கேயில் பிறந்தநாளோ கலியாணமோ, அவர் "அந்தக் குதிரை இருக்கே" என்று தொடங்கினால் சமையலறையில் நிற்பவர்களும் கை கழுவிக்கொண்டு வருவார்கள். என் மனைவி உட்பட. (இருபது வருடத்தில் என் உருளைக்கிழங்குக்கு அவள் ஒருநாளும் கை கழுவியதில்லை.)

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் பொறாமை வந்தால் படிப்பும் வந்துவிடுகிறது. மகளைக் கொண்டு இணையத்தில் தேடினேன்.

"அந்த முகாமிலை குதிரையெல்லாம் ரெண்டாம் உலக யுத்தத்தோடை முடிஞ்சுதாம் அப்பா."

சகலன் அங்கே போனது அதற்கு ஐம்பது வருடம் கழித்து. அன்று எனக்கு உருளைக்கிழங்குக் கறிகூட இனித்தது.

கடலில் குளிக்கலாம் என்று சொல்லி மனைவியைப் பிலிப்பைன்ஸுக்குக் கூட்டிப்போய், மூன்றாம் நாளே பஸ்ஸில் ஏற்றி அந்த மைதானத்தில் இறக்கினேன்.

"மூண்டு கிழமை ஃபெரியன், லீவு எடுத்தது இந்தப் புல்லைப் பார்க்கவோ? உங்களுக்கு விசரே?"

நல்ல புல்தான். சுற்றிவரக் கிழட்டு மரங்கள், அதிகாரிகள் இருந்த மரவீடுகள், மெல்ல ஓடும் சில பேர். குதிரை இல்லை. அன்று ஞாயிறு. அங்கே பின்னேரம், எம்மன்புரூக்கேயில் காலை. சகலன் வீட்டில் எல்லோரும் புட்டோடு கூடியிருக்கும் நேரம் பார்த்து வீடியோவில் அழைத்தேன். என் முகம் தெரியப் போனை உயர்த்திப் பிடித்து, பின்பக்கமாக நடந்தேன்.

"எல்லாரும் வடிவாப் பாருங்கோ. இதுதான் அண்ணையின்ரை மைதானம். எங்கை குதிரை? குதிரையும் இல்லை, குதிரைச் சாணியும் இல்லை."

"இஞ்சருங்கோ, பின்னாலை..." என்றாள் மனைவி.

"நீர் சும்மா இரும்."

திரையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது சகலனின் முகத்தை மட்டும்தான். அவர் வாய் மெல்லத் திறந்தது. ஆள் பிடிபட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த அடியில் ஏதோ வழுக்கி இரண்டு காலும் வானத்துக்குப் போயின. விழுந்த இடம் இளஞ்சூடாக இருந்தது. தலைக்கு மேலே ஒரு குதிரை மூக்கு. பிள்ளைகளை ஏற்றி ஒரு வட்டம் காட்டும் குட்டைக் குதிரை. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒருவன் அதை நடத்திக்கொண்டு வந்திருக்கிறான். நிறமும் வெள்ளை.

போனை மட்டும் நான் விடவில்லை. திரைக்குள் இருபது பேர் சிரித்தார்கள். சகலன் சிரிக்கவில்லை. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அங்கே குதிரை நிற்கும் என்று என்னைவிடவும் நம்பாதவர் அவர்தான் என்பது அப்போது விளங்கியது. அது விளங்கியதும் எனக்கு மட்டும்தான்.

பிறகு அவர் சுதாரித்துக்கொண்டார். "கவனம் தம்பி, அந்த வம்சம் உதைக்கும்."

இடுப்பு வலி ஆறு கிழமையில் போனது. இப்போதெல்லாம் கதை தொடங்குமுன் சகலன் என் பக்கம் கை காட்டுவார். "நான் சொன்னா நம்பமாட்டியள். அதின்ரை பேரனை இவர் நேரிலை கண்டவர்." மனைவி உடனே என் கதிரையில் தலையணை ஒன்றைக் கொண்டுவந்து வைப்பாள். சமையலறை முழுக்கக் கை கழுவிக்கொண்டு வந்துவிடும். நான் எழும்பி, எப்படி விழுந்தேன் என்று செய்து காட்டுவேன். (நன்றாகவே செய்வேன்.)

ஏழு மாத உருளைக்கிழங்கு வாங்கித் தராத கைதட்டலை ஒரு பிடி சாணி வாங்கித் தந்தது. அந்தக் கைதட்டலையும் சகலன்தான் எழும்பி நின்று வாங்கிக்கொள்கிறார்.