நாற்காலியை எண்ணும் கலை

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதைவிடப் பெரிய சம்பவம், அங்கே ஆர்க்கிடெக்ட் ஜெயப்பிரகாஷ் அலுவலகம் திறந்ததுதான். இதை அவர் சொல்லும்போது யாரும் மறுத்ததில்லை. எதிரில் இருப்பவர்கள் எல்லாரும் அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். கட்டிட விதிகளில் அவருக்கு இணை கிடையாது. எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று புத்தகத்தைத் திறக்காமலே சொல்வார். திறக்காமல் சொல்வதில் ஒரு வசதி, அடுத்த பக்கத்து விதி கண்ணில் படாது.

அதைவிடப் பெரியது அவருடைய 'வழிகாட்டும் பண்பு'. சனிக்கிழமைதோறும் இளம் ஊழியர்களுக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்து வகுப்பெடுப்பார். அவர்களுடைய தன்னம்பிக்கை வளரவேண்டும் என்பதற்காக, அலுவலகத்திலிருந்து போகும் சான்றுகளில் அவர்களையே கையெழுத்துப் போடச் சொல்வார். தான் போடமாட்டார். புகழெல்லாம் சின்னவர்களுக்கே சேரட்டும் என்கிற பெருந்தன்மை. அப்படிப் புகழ் சேர்ந்த ஒருவர் இப்போது வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்.

பாயிஸா அங்கே வேலைக்குச் சேர்ந்த ஆர்க்கிடெக்ட். வேலையும் பிடித்திருந்தது, பஜ்ஜியும் பிடித்திருந்தது. கவுஸ் பாஷாவின் கல்யாண மண்டபம் வரும்வரை அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

ஜவுளிக்கடை கவுஸ் பாஷா, கச்சிராயபாளையம் சாலையில் மண்டபம் கட்டினார். கீழே மணமேடை, மாடியில் சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும். ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை தெரியும். விதிப்படி மாடிக்கு இரண்டு படிக்கட்டு வேண்டும். பின்பக்கப் படிக்கட்டை பாயிஸாவே வரைந்து, வெயிலில் நின்று கட்டவைத்தாள். கட்டி முடித்த வாரமே கவுஸ் பாஷா அதன் அடியில் ஒரு ஷட்டரைப் போட்டுப் பூட்டி, படி முழுக்க அண்டாவும் கேஸ் சிலிண்டருமாக அடுக்கிவிட்டார்.

“படி எங்கியும் போவலியேம்மா, அங்கதான கீது. சும்மா கெடக்குற எடத்துல சாமான் இருந்தா இன்னா?” என்றார்.

பாயிஸா ஜெயப்பிரகாஷிடம் போய் முறையிட்டாள். நம் கல்யாணப் பந்தி எப்படி நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? சாப்பிடுகிறவர் மோருக்கு வருவதற்குள் அவருடைய நாற்காலியின் முதுகை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்குப் பின்னால் அவர் குடும்பம். மிச்ச சனம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் நெருக்கியடிக்கும். மாடி அடுப்பில் ஏதாவது பற்றிக்கொண்டால் இத்தனை பேரும் எந்த வழியாக இறங்குவார்கள் என்று கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முழுவதும் அவளுக்காகவே நடந்தது. உட்கார்ந்து சாப்பிடுகிறவர் மட்டுமே கூடத்தின் 'பயனாளர்' என்று ஜெயப்பிரகாஷ் விளக்கினார். பின்னால் நிற்கிறவர் வெறும் 'எதிர்பார்ப்பாளர்'. எதிர்பார்ப்பாளர்களுக்காகப் படி கட்டச் சொல்லி எந்த விதியும் இல்லை.

“நாற்காலிய எண்ணும்மா, ஆள எண்ணாத,” என்று முடித்தார்.

மண்டபம் விதிப்படி கட்டி முடிந்தது என்கிற நிறைவுச் சான்று, கையெழுத்துக்காக அவள் மேஜைக்கு வந்தது. பாயிஸா காய்ச்சல் என்றாள், வெள்ளிக்கிழமை தொழுகை முடியட்டும் என்றாள், நாள் கடத்தினாள். மாதம் முடிவதற்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேறு வழிகாட்டியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தகவல் வந்தது.

இதற்கிடையில் கவுஸ் பாஷா நன்றி மறக்காதவர் என்பது தெரியவந்தது. மண்டபத்தின் முதல் முகூர்த்தத்தை, வாடகை இல்லாமல், ஜெயப்பிரகாஷ் மகள் இசைவாணியின் கல்யாணத்துக்கே கொடுத்தார். சான்று வராத மண்டபத்தில் கல்யாணம் நடக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஜெயப்பிரகாஷ் பூரித்துப்போய் மாடியைப் பார்க்க ஏறினார். இறங்கி வரும்போது முகம் வெளிறியிருந்தது.

“பாயிஸா, அந்த அண்டா சிலிண்டரெல்லாம் எடுக்கச் சொல்லு. ஷட்டரையும் கழட்டச் சொல்லு.”

“நாற்காலிய எண்ணிட்டேன் சார். சரியா இருக்குது.”

“ரெண்டு வூட்டு சனமும் மேலதாம்மா நிக்கும். எம் பொண்ணு அங்க சாப்பிட்டுக்கினு இருப்பாம்மா.”

அவரே பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் எடுக்கவைத்தார். சுவரில் அம்புக்குறி போட்டார், ராத்திரியும் எரிய விளக்கு போட்டார். கல்யாணத்தன்று சனம் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. யாரும் யார் காலையும் மிதிக்கவில்லை. பாயிஸா வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பின்பக்கப் படியில் வேண்டுமென்றே மெதுவாக இறங்கினாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றே நினைத்தாள்.

திங்கட்கிழமை போகும் வழியில் மண்டபத்தை எட்டிப் பார்த்தாள். ஷட்டர் மறுபடி இறங்கியிருந்தது. இடுக்கு வழியாக அண்டா பளபளத்தது. வெள்ளிக்கிழமை அங்கே ஆயம்மாள் மகளுக்குக் கல்யாணம். அந்தப் படிக்குச் சித்தாளாக ஜல்லி சுமந்தவள் ஆயம்மாள். அதற்காகவே கவுஸ் பாஷா பாதி வாடகைக்கு விட்டிருந்தார்.

அலுவலகத்தில் ஜெயப்பிரகாஷ் சான்றை விரித்துவைத்து, பேனா மூடியையும் தானே கழற்றி நீட்டினார். வழிகாட்டுவதில் அவர் ஒரு குறையும் வைக்கமாட்டார்.

“எல்லாம் விதிப்படி இருக்குதும்மா. போடு.”

பாயிஸா பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, சான்றின் மேல் வைத்து அவர் பக்கமாகவே தள்ளினாள்.

“உங்களுக்கு ஒரே பொண்ணாப் போச்சு சார். முகூர்த்தத்துக்கு ஒண்ணு பெத்திருந்தீங்கன்னா ஊரே உசுரோட எறங்கி வந்திருக்கும்.”