உப்பு நைனாவின் பத்தியம்

பழவேற்காட்டில் உப்பு நைனாவைப் போல் உப்பைத் துறந்தவரும் கிடையாது, அவரைப் போல் உப்பைத் தின்றவரும் கிடையாது. இரண்டையும் ஒரே சமயத்தில், முழு மனசாட்சியோடு செய்த மகான் அவர்.

அது எழுபதுகளின் கடைசி. பொன்னேரியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வரும் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டர். எங்கள் மருந்தகத்துக்கு நேர் எதிரே நைனாவின் கருவாட்டுக் கொட்டகை. அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மருந்துச் சீட்டிலேயே 'உப்பு நைனா' என்றுதான் எழுதுவோம். சுண்ணாம்புக்குளத்திலிருந்துகூடப் பெண்கள் கருவாட்டுக் கூடை சுமந்து விற்க வருவார்கள். நைனா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடுவார். "வெயிலு பத்தல" என்பார், அல்லது "இது சரக்கு" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஒருநாள் கூடைகளுக்கு நடுவிலேயே தலைசுற்றி விழுந்தார். தூக்கி வந்து பார்த்தால் ரத்தக் கொதிப்பு. கருவி காட்டியதைப் பார்த்து டாக்டருக்கே வியர்த்துவிட்டது.

"உப்பை விடணும், பீடியை விடணும், தினம் நடக்கணும். இல்லேன்னா கைகால் விழுந்துடும்" என்றார்.

கைகால் விழுவது என்றால் என்னவென்று நைனாவுக்கு விளக்க வேண்டியதில்லை. அவருடைய அண்ணன் அப்படித்தான் விழுந்து, இவர் வீட்டுக் கட்டிலில் வருஷக்கணக்கில் கிடந்து செத்துப்போனார். ஊட்டிவிட்டதும் துடைத்துவிட்டதும் நைனாவின் மனைவி கன்னியம்மா.

"எத்த வோணா வுட்டுர்றேன் சார். அந்தப் பாட்ட மறுபடி இவ தலைல கட்டமாட்டேன்" என்றார் நைனா, பக்கத்தில் நின்ற கன்னியம்மாவைக் காட்டி.

சொன்னபடி விட்டார். பீடிக் கட்டை ஏரியில் எறிந்தார். வீட்டு உப்பு ஜாடியைத் தெருவில் கவிழ்த்தார். ஒரு பாய் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணிக் கறியை ஒவ்வொரு துண்டாகத் தண்ணீர் டம்ளரில் அலசித் தின்றார். "இன்னா நைனா, கறியக் குளிப்பாட்டிக்கினு கீற?" என்று மாப்பிள்ளையின் அத்தா நொந்துபோனார்.

நடையில்தான் ஊர் தவித்தது. சரக்குப் பார்க்க அக்கரைக் குப்பங்களுக்குப் படகில் போவார். அந்த நேரம் வீணாவானேன் என்று படகிலேயே நடந்தார். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, ஆட்களையும் கூடைகளையும் தாண்டித் தாண்டி. படகு தள்ளாடியது.

"யோவ் நைனா, குந்துய்யா! எல்லாரையும் சாவடிச்சிட்டு நீ மட்டும் நல்லா இருக்கப் போறியா?" என்று படகுக்காரர் அலறினார்.

"டாக்டரு நடக்கச் சொல்லிக்கீறாரு" என்று பதில் சொல்லிக்கொண்டே நைனா ஒரு கூடை இறாலைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்.

இவ்வளவு செய்தும் கொதிப்பு இறங்கவில்லை. டாக்டர் முதலில் கருவியைச் சந்தேகப்பட்டார், அப்புறம் என்னை, கடைசியில் கன்னியம்மாவை. அவள் பிடித்துக்கொண்டாள். "இன்னா டாக்டரு பேசற! என் கொழம்ப நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடுது. அதுல உப்பு கீதுன்றியா?"

உண்மை வெளிவந்தது நெத்திலியால். வீட்டுக்குக் கொஞ்சம் வாங்கலாம் என்று டாக்டர் ஒருநாள் கொட்டகைக்குள் போனார். நானும் பை பிடிக்கப் போனேன். நைனா கூடை கூடையாக ருசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயில என்ன?" என்றார் டாக்டர்.

"நெத்திலி சார். நல்லா உப்பு புடிச்ச சரக்கு."

"உப்பை விட்டுட்டேன்னியே!"

"சாப்பாட்டுல வுட்டுட்டேன் சார். இது தொழிலு."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ருசி பார்த்துட்டுத் துப்பித் தொலைக்க வேண்டியதுதானே?"

கூடைக்காரிகள் எல்லோரும் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். வாயில் போட்ட கருவாட்டைத் துப்புவது அங்கே பெரிய அவமானம். அதைக் காயவைத்தவள் மூஞ்சியிலேயே துப்பியதாக அர்த்தம். அதனால் நைனா நல்லது, மட்டம் எல்லாவற்றையும் மரியாதையாக விழுங்கிக்கொண்டிருந்தார். தினமும் எதிரிலேயே இருந்து பார்த்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

"அப்ப உன் அண்ணன் மாதிரி மரியாதையாப் படுத்துக்கோ" என்று டாக்டர் விருட்டென்று வெளியேறினார்.

உள்ளே கூடை அடுக்கிக்கொண்டிருந்த கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "யோவ், உங்க அண்ணனுக்குச் செஞ்சேன், மூஞ்சி சுளிக்கல. ஒன்ன அப்டிப் பாக்க என்னால ஆவாதுய்யா" என்றாள்.

மறுநாள் காலை முதல் கூடை லோகம்மாவுடையது. லோகம்மா சண்டைக்கு வாயைத் திறந்தால் ஏரிப் பறவைகள் ஆந்திராவுக்குப் பறந்துவிடும். நைனா அவளுடைய மடவைக் கருவாட்டைக் கிள்ளி வாயில் போட்டார். கண்ணை மூடினார். "நல்ல சரக்கு" என்றார். கண்ணைத் திறக்காமலே திரும்பித் துப்பினார்.

நான் பஞ்சையும் டிஞ்சரையும் எடுத்துக்கொண்டு மருந்தக வாசலுக்கு வந்துவிட்டேன்.

லோகம்மா அவரை முறைத்தாள். விடுவிடுவென்று பானைக்குப் போனாள். ஒரு செம்புத் தண்ணீரை மொண்டுவந்து நீட்டினாள்.

"நல்லாக் கொப்புளிச்சித் துப்பு. பல்லுல ஒட்டினது மட்டும் உள்ள போவாதா? நீ படுத்துக்கினா எங்க சரக்க எவன்யா நாயமாப் பாப்பான்?" என்றாள், சண்டை போடுகிற அதே குரலில். அடுத்தவள் கேட்காமலே கூடையை இறக்கிவிட்டுத் தண்ணீர் மொள்ளப் போனாள்.

கொதிப்பு மெதுவாக இறங்கியது. நடையைக் கரையோடு வைத்துக்கொள்ளும்படி படகுக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். கன்னியம்மா ஏசிக்கொண்டே உப்பில்லாத குழம்பு வைத்தாள். அதற்கப்புறம் நான் அந்த ஊரில் இருந்த வருஷமெல்லாம், காலையில் மருந்தகக் கதவைத் திறக்கும்போது எதிரே நைனா காறித் துப்புகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டால் எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்துவிடும்.