எஃப் விட்டுப்போன பிற்பகல்

சொன்னதை அப்படியே கேட்கிறவர்களைப் போல ஆபத்தானவர்கள் உலகத்தில் கிடையாது. மனிதர்களில் அப்படி யாரும் அமைவதில்லை (எங்கள் வீட்டில் நிச்சயமாக இல்லை). ஆனால் கம்ப்யூட்டர் அமையும். நாம் என்ன நினைத்தோம் என்று அது கேட்காது. என்ன எழுதினோம் என்றுதான் பார்க்கும்.

நான் குடியாத்தத்திலிருந்து பெங்களூர் வந்து, ஈஜிபுராவில் ரூம் எடுத்து, டொம்லூரில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்திருந்த நேரம். பள்ளிப் பேருந்துகளுக்கு ஆப் செய்கிற கம்பெனி. பிள்ளை எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று பேருந்தில் வரும் ஆயாம்மா தன் போனில் குறிப்பார். அது எங்கள் டேட்டாபேஸில் வந்து உட்காரும். என் அக்கா மகள் நிலா படித்த பள்ளிதான் எங்கள் முதல் வாடிக்கையாளர். தான் குடியிருந்த ஜோகுபாளையம் முழுக்க அக்கா இதைச் சொல்லி வைத்திருந்தாள். "அந்த ஆப்பு எங்க கலை செஞ்சது." (நான் அதில் செய்திருந்தது ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றியது மட்டும்.)

ஒருநாள் பள்ளியிலிருந்து புதிதாக ஒன்று கேட்டார்கள். பிள்ளை தன்னுடைய நிறுத்தத்தை விட்டுவிட்டு வேறெங்காவது இறங்கினால், பெற்றோருக்கு உடனே மெசேஜ் போக வேண்டும். என் மேலதிகாரி மஞ்சுநாத் சார் அதை என்னிடம் கொடுத்தார். மைசூர்க்காரர். கன்னடத்தைத் தமிழில் தோய்த்துப் பேசுவார்.

"ரெண்டு காலத்தையும் கம்பேர் மாடும்மா, அவ்வளவுதான்" என்றார்.

காலம் என்றால் இறந்த காலம், எதிர்காலம் அல்ல. அட்டவணையில் மேலிருந்து கீழே போகும் வரிசையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். 'பதிவான நிறுத்தம்' ஒரு காலம், 'இறங்கிய நிறுத்தம்' இன்னொரு காலம். இரண்டும் ஒன்றாக இல்லாத பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். டேட்டாபேஸிடம் நேரடியாகப் பேசக்கூட வேண்டியதில்லை. நடுவில் ஃபிரேம்வொர்க் என்று ஒன்று இருந்து, நாம் எழுதுவதை அதற்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும். ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டு, இதற்கா இவ்வளவு பெரிய சம்பளக்காரர்களை வைத்திருக்கிறார்கள் என்று மற்றவர்களைப் பரிதாபமாகப் பார்த்தேன்.

"டெஸ்ட் ஆயித்தா?" என்றார் சார்.

"ஆச்சு சார்." பொய் இல்லை. மூன்று கற்பனைப் பிள்ளைகளை உருவாக்கி, மூவரையும் தவறான நிறுத்தத்தில் இறக்கியிருந்தேன். மூவருக்கும் மெசேஜ் போனது. ஒழுங்காகத் தன் நிறுத்தத்தில் இறங்குகிற ஒரு பிள்ளையை நான் கற்பனை செய்யவேயில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் பேருந்துகள் கிளம்பின. நானும் சாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மெசேஜ் போனது. "பாத்தீங்களா சார், புடிச்சிடுச்சு!" என்றேன். அடுத்து இன்னொன்று. பிறகு வரிசையாக, மழை பிடித்துக்கொண்டதுபோல. 'உங்கள் பிள்ளை பதிவு செய்யாத நிறுத்தத்தில் இறங்கியுள்ளது.' இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒழுக்கமே இல்லை என்று நான் நினைத்த அந்த ஒரு நிமிடத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

சார் மட்டும் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். "ஏனம்மா இது? எல்லா மக்களும் தப்பா இறங்குமா?"

பள்ளியிலிருந்து போன் வந்தது. அடுத்த போனில் ஒரு அப்பா கத்தினார். அதற்குள் என் போனும் அடித்தது. அக்கா.

சிவாஜிநகரில் ஒரு ஜவுளிக்கடையில் அவளுக்கு வேலை. நிலா தெருமுனையில் இறங்கி, அக்கா வரும்வரை எதிர்வீட்டில் இருப்பாள்.

"கலை, நிலா எங்கயோ எறங்கிட்டாளாம்டி! எதிர்வீட்டுக்கு அடிச்சா எடுக்க மாட்டேங்கறாங்க." அவள் குரல் உடைந்தது. பின்னால் பஸ் ஸ்டாண்டின் இரைச்சல். கடையை விட்டு ஓடி வந்திருந்தாள்.

"அக்கா, அழாதே. அது எங்க தப்பு. எல்லாருக்கும் போயிருக்கு. நிலா பத்திரமாத்தான் இருக்கா. நீ கடைக்குப் போ."

"நிச்சயமா?"

"நான் சொல்றேன்ல?"

மஞ்சுநாத் சார் என் வரியைத் திரையில் எடுத்து, விரல் வைத்துப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"எஃப் எல்லி?"

எஃப் எங்கே என்று கேட்டார். அந்த ஃபிரேம்வொர்க்கில் ஒரு காலத்தை இன்னொரு காலத்தோடு ஒப்பிட, எஃப் என்ற எழுத்தைப் போட்டு, இரண்டாவதன் பெயரை அதை அடுத்த அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். இது வெறும் சொல் இல்லை, காலத்தின் பெயர், உள்ளே இருப்பதை எடுத்துப் பார் என்று அதற்குப் பொருள். நான் போடவில்லை. அதனால் அது ஒவ்வொரு பிள்ளையும் 'பதிவான நிறுத்தம்' என்ற பெயருள்ள இடத்தில் இறங்கியதா என்று பார்த்திருக்கிறது. அல்சூரிலோ ஜோகுபாளையத்திலோ அப்படி ஒரு இடம் இல்லை. ஆகவே எல்லாப் பிள்ளைகளும் தவறு.

அந்த எழுத்தைச் சேர்த்தேன். மெசேஜை நிறுத்திவிட்டு, பெயர்களை மட்டும் காட்டச் சொல்லி ஓட்டினேன். திரை காலியாக வர வேண்டும்.

ஒரு பெயர் வந்தது.

நிலா. இறங்கிய நிறுத்தம்: ஏரிக்கரை.

கொஞ்ச நேரம் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. சார் என் தோளுக்கு மேலாகப் பார்த்து, "யாரும்மா இது?" என்றார்.

"என் அக்கா பொண்ணு சார். பத்திரமா இருக்கான்னு இப்பதான் சொன்னேன்."

அவர் உடனே வண்டிச் சாவியை எடுத்தார்.

அக்காவுக்குப் போன் அடித்தேன். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் எடுத்துவிட்டாள். "ஏரிக்கரை ஸ்டாப்புக்கு வா" என்று மட்டும் சொன்னேன். உடனே போனை வைத்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால் தேவலை.

பழைய மெட்ராஸ் ரோட்டில் எப்போதும்போல வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. சார் ஹாரன் அடித்துக்கொண்டே நடைபாதையில் ஏற்றினார் (சிக்னலில் மஞ்சள் விளக்குக்கே நிற்கிற மனிதர்). ஏரிக்கரை என்ற சொல்லில் இருந்த ஏரி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. தண்ணீர். கம்பி வேலி. வேலியில் எங்கோ ஒரு ஓட்டை இருந்ததாக ஒரு ஞாபகம்.

நிறுத்தத்தில் யாரும் இல்லை. வேலியை நோக்கி ஓடப் போனேன். சார் என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் காட்டினார்.

பேக்கரி வாசல் பெஞ்சில், மடியில் பையோடு நிலா உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் உப்பிப்போயிருந்தது.

"இங்க ஏன்டி எறங்கினே?"

"டெஸ்ட் பண்ணேன் சித்தி."

"என்னது?"

"தப்பா எறங்கினா மெசேஜ் போகும், அம்மா ஓடி வருவாங்கன்னு நீதானே சொன்னே? ஆயாம்மாகிட்ட சித்தி சொல்லியிருக்காங்கன்னு சொல்லி எறங்கிட்டேன். ரொம்ப நேரமா உக்காந்திருக்கேன், அம்மா வரவேயில்ல." விசும்பினாள். "உன் ஆப் வேலை செய்யல, சித்தி."

மஞ்சுநாத் சார் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அக்கா ஆட்டோ நிற்பதற்கு முன்பே குதித்தாள். நிலாவை வாரி அணைத்து, முத்தம் கொடுத்து, முதுகில் ஓர் அடி வைத்தாள். அதே வேகத்தில் எனக்கும் ஒன்று. என் மேலதிகாரிக்கு முன்னால்.

அன்று மாலை முழுக்க ஒவ்வொரு பெற்றோராக அழைத்து மன்னிப்புக் கேட்டேன். கன்னடத்தில் எனக்கு இன்றும் தடுமாறாமல் வருகிற ஒரே வாக்கியம் 'தயவிட்டு க்ஷமிசி' என்பதுதான். வேலை போகவில்லை. ஆனால் நான் எழுதியது எதுவானாலும், ஒழுங்கான பிள்ளை ஒன்றையும் வைத்துச் சோதித்தாயா என்று கேட்காமல் சார் அதை வெளியே விடுவதில்லை.

அக்காவும் விடுவதில்லை. கல்யாண வீடுகளில் யாராவது உன் தங்கை என்ன செய்கிறாள் என்று விசாரித்தால், பந்தியில் பாதிப் பேருக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள்:

"பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. ஸ்கூல்ல இருக்கிற அத்தனை புள்ளைங்களும் காணோம்னு ஊரைக் கூட்டிட்டு, நெஜமா காணாமப் போன எம்பொண்ணு மட்டும் பத்திரமா இருக்கான்னு சத்தியம் பண்ணவ இவதான்."