இரண்டு நாற்பதுக்கு வரும் பூகம்பம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் காலையில் கடையைத் திறப்பதற்கு முன் உலகத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார். ஷட்டரின் பூட்டில் சாவியைச் செருகித் திருகாமல் அப்படியே விட்டுவிட்டுப் படியில் அமர்வார். கைப்பேசியில் பன்னிரண்டு நாடுகளின் பேரிடர் எச்சரிக்கைகளை வரிசையாகப் படிப்பார். எங்கோ ஒரு கடலடியில் பாறையொன்று புரண்டு படுத்திருக்கும். எங்கோ ஓர் எரிமலை தொண்டையைச் செருமியிருக்கும். இவ்வளவு பெரிய உருண்டை, இத்தனை அசைவுகளோடு, நம்மில் ஒருவரையும் உதறிவிடாமல் சுமந்துகொண்டு போகிறதே என்று நாள்தோறும் புதிதாக அவருக்கு மயிர்க்கூச்செறியும். அதன் பிறகே சாவி திரும்பும்.

படித்ததை அவர் தம்மோடு வைத்துக்கொள்வதில்லை. ‘பூமி பேசுகிறது’ என்றோர் இணையக் குழு உண்டு. எந்த நாட்டின் எச்சரிக்கையை நம்பலாம், எது புலி வருகிறது என்று வீணாகக் கூவுகிறது என்று அங்கே நாள் முழுவதும் வாதம் நடக்கும். அதில் கடைக்காரரின் பெயர் ‘தூரப்பார்வை’. அவருடைய தீர்ப்புகளுக்கு அங்கே மதிப்புண்டு. இரண்டு கடல்களுக்கு அப்பால் ஒரு குளிர்ந்த தீவில் வாழும் ‘சந்தேகம்’ என்பவர் மட்டும் எதற்கும் ஒரே சொல்லில் பதில் போடுவார்: “ஆதாரம்?”

“நேத்து தெற்குக் கடல்ல அலை வரும்னு சொன்னாங்க. வரவே இல்லை. ரெண்டு லட்சம் பேர் மலையேறி உக்காந்திருந்தாங்களாம்,” என்று அவர் சாப்பிடும்போது சொல்வார்.

“நம்ம குளியலறைக் குழாய் ஒழுகும்னு நானும் மூணு மாசமா சொல்றேன். அது மட்டும் தப்பாம ஒழுகுது,” என்பார் மனைவி.

கடைக்காரருக்குச் சிரிப்பு வரும். அவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் என்பது நண்பர்கள் வட்டாரத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்டது. விருந்தினர் வந்தால் அவர்தாம் பேசுவார். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். மனைவியும் சிரிப்பார்.

இந்த நிலையில்தான் பெட்டி வந்தது. உள்ளங்கை அகலம்தான். தரையில் திருகி வைத்தால் நில அதிர்வை அளந்து, உலகெங்கும் இப்படி வீடுகளில் இருக்கும் ஆயிரக்கணக்கான பெட்டிகளோடு சேர்த்து இணையத்தில் வரைந்து காட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கூடத்தின் மூலையில் பொருத்தினார்.

“ஏங்க, நான் நடந்தாக்கூட இது கத்துமா?” என்று மனைவி கேட்டார்.

“சேச்சே. வீட்டுச் சத்தத்தையெல்லாம் இது கண்டுக்காது. பூமி பேசினா மட்டும்தான் காது கொடுக்கும்.”

“நல்ல பெட்டிதான். உங்களை மாதிரியே,” என்று சொல்லிவிட்டு மனைவி சமையலறைக்குப் போனார்.

மறுநாள் பிற்பகல் இரண்டு நாற்பது. கடைக்காரர் ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி துள்ளியது. திரையில் அவர் வீட்டுக் கோடு சீராக மேலும் கீழும் எழுதிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் கழித்து நின்றது. செவ்வாயும் அதே நேரம். புதனும் அதே நேரம். கடைக்காரர் பூரித்துப்போனார். எத்தனை கோடி வீடுகள் இருக்க, பூமி தம்முடைய கூடத்தைத் தேர்ந்தெடுத்து, நேரம் குறித்துக்கொண்டு வந்து பேசுகிறதே!

குழு கொந்தளித்தது. பாதாள நதி என்றார் ஒருவர். இரகசியச் சுரங்கம் என்றார் இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமை கோடு அசையவே இல்லை. “பூமி வாரம் ஒருநாள் ஓய்வெடுக்கிறது!” என்று ஒருவர் எழுத, ஐந்நூறு பேர் அதை ஆமோதித்தார்கள். சந்தேகம் மட்டும் எழுதினார்: “ஆதாரம்?”

ஆதாரத்தை உள்ளங்காலாலேயே உணர்ந்துவிடுவது என்று முடிவு செய்து, அடுத்த செவ்வாய் கடைக்காரர் இரண்டரைக்கே கடையைச் சாத்தினார். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கோடு ஆடிக்கொண்டிருந்தது. தெருமுனையில் திரும்பினார். கோடு சட்டென்று படுத்துவிட்டது. அதே நொடியில் இன்னொன்றும் நின்றதை அவர் கவனித்தார். அவர் குடியிருக்கும் கட்டடத்தில், அவர் வீட்டுக்கு நேர் கீழே தையல்கடை வைத்திருக்கும் அம்மாளின் மோட்டார் மெஷின் அது. அதன் ஓசை எப்போதும் தெரு முழுக்கக் கேட்கும்.

“என்ன சார், இன்னிக்கு சீக்கிரமாவே வந்துட்டீங்க?” என்று தையற்கார அம்மாள் ஜன்னல் வழியே உரக்கக் கேட்டார்.

“சும்மாதாம்மா.”

புதனன்றும் சென்றார். தெருமுனை, மெஷின், கோடு, மூன்றும் முன்போலவே. அவர் மனத்தில் ஒரு முடிச்சு விழுந்தது. ஆயினும் ஒரு தையல் மெஷினா பூமியின் குரல்? ஏற்க மனம் வரவில்லை. பூமியாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று, அந்தக் கட்டடத்தின் நான்கு குடித்தனத்தார் கைப்பேசியிலும் ஓர் எச்சரிக்கை மணியை அமைத்தார். பீதி கிளப்பக் கூடாதென்று காரணத்தை மட்டும் சொல்லவில்லை. “மணி அடிச்சா வெளிய ஓடி வந்துடுங்க, அவ்வளவுதான்,” என்றார்.

வியாழன் இரண்டு நாற்பத்தொன்றுக்கு நான்கு வீடுகளிலும் மணி அலறியது. கடையிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தவர் தெருவில் கண்ட காட்சி இது. இரவுப் பணி முடித்து உறங்கிக்கொண்டிருந்த இரண்டாம் மாடி நர்ஸ், தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேல்மாடியில் இருக்கும் வீட்டு உரிமையாளர் ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்திருந்தார். எல்லாருக்கும் முன்னால் நின்றவர் கடைக்காரரின் சொந்த மனைவி! காலில் கேன்வாஸ் ஷூ, கூந்தல் இறுகக் கட்டியிருக்க, முகமெல்லாம் வியர்வை.

கடைக்காரர் நெகிழ்ந்துபோனார். “எச்சரிக்கையை இவ நம்பவே மாட்டான்னு நெனைச்சேன். பாருங்க, ஷூவைக்கூடப் போட்டுத் தயாரா இருந்திருக்கா!”

“என்ன ஆபத்து? என்னன்னு சொல்லித் தொலைங்க!” என்றார் உரிமையாளர்.

“தினமும் ரெண்டு நாப்பதுக்கு நம்ம வீட்டுத் தரை அதிருது. பெட்டி எழுதியிருக்கு.”

மனைவியின் முகம் வெளுத்தது. அச்சம் என்று கடைக்காரர் எண்ணினார். பின்னாலிருந்து தையற்கார அம்மாள் மனைவியின் தோளைத் தொட்டதையும் அவர் ஆறுதல் என்றே எண்ணினார்.

“பூகம்பம் டைம் பாத்தா வரும்?” என்றார் நர்ஸ். “நான் தூங்கி நாலு நாள் ஆச்சு சார். உங்க மேல கேஸ் போட்டாலும் போடுவேன்.”

“காரணம் வேணும். இப்பவே வேணும்,” என்று உரிமையாளர் பிடிவாதமாக நின்றார்.

நான்கு பக்கமும் நெருக்கவே, கடைக்காரர் வாயில் அந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. “கீழ மெஷின் நின்னா அதிர்வும் நிக்குது. ரெண்டு தடவை பாத்தேன்.”

எல்லாரும் தையற்கார அம்மாளைப் பார்த்தார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடைக்காரரின் மனைவியைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

“விஷயம் தெளிவாகிற வரைக்கும் மெஷின் ஓடக் கூடாது,” என்று உரிமையாளர் உத்தரவிட்டார். தையல்கடைக்குள்ளே ஒரு பள்ளிக்கூடத்துக்கான அறுபது சீருடைகள் வெட்டிய நிலையில் கிடந்தன. மாத முடிவில் கொடுத்தாக வேண்டும். அம்மாள் உள்ளே போய், பித்தான் துளைகளுக்குக் கையால் காஜா எடுக்க உட்கார்ந்தார்.

வெள்ளி முதல் திங்கள் வரை கோடு படுத்தே கிடந்தது. குழு வழக்கை முடித்துவிட்டது. “தையல் மெஷின்!” என்று ஐந்நூறு பேர் சிரித்தார்கள். கடைக்காரருக்கு வருத்தந்தான். தம்மைத் தேடி வந்த பூமி விடைபெறாமலே போய்விட்டதைப் போலிருந்தது.

செவ்வாய் இரண்டு நாற்பதுக்குக் கைப்பேசி மீண்டும் துள்ளியது. முன்னைவிட ஓங்கி, முன்னைவிட நீண்டு.

“மெஷின் ஓடலையே! அப்போ இது பூமிதான்!” என்று கடைக்குள்ளேயே கூவிவிட்டார். எல்லாப் பதிவுகளையும் அள்ளிச் சந்தேகத்துக்கு அனுப்பினார். அந்த மகிழ்ச்சியில் ஒன்றை அடியோடு மறந்தார். மெஷினின் மேல் பழியில்லை என்று உரிமையாளரிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். உலகத்துக்கெல்லாம் புயல் வருமென்று உச்சிக்கிளையிலிருந்து அறிவித்த பருந்தொன்று, தன் கூட்டில் குஞ்சு பொரித்ததை அயலார் சொல்லித்தான் அறிந்தது என்று ஒரு கதை கட்டலாம். நம்முடைய கடைக்காரருக்கு அயலார் சனிக்கிழமைதான் சொன்னார்.

அப்போது ஒரு பெரியவர் நாற்காலியில் கண் சோதனைக்கான கண்ணாடிச் சட்டத்தை மாட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். கைப்பேசியில் சந்தேகத்தின் மடல் வந்தது. முதல்முறையாக அதில் ஒரு சொல்லுக்கு மேல் இருந்தது.

“நண்பருக்கு, மூன்று நாள் ஆராய்ந்தேன். பூமிக்குக் கால்கள் கிடையா. இந்த அதிர்வுக்கு இரண்டு உண்டு. நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு முறை, இடக்காலில் சற்று அழுத்தம். பதினேழாம் நிமிடத்தில் ஒருமுறை தடுக்கியிருக்கிறது. ஒன்பது விநாடி ஓய்வு. சிரித்திருக்கலாம். பிறகு முன்னிலும் வேகம். உங்கள் வீட்டில் யாரோ கயிறு தாண்டுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் நான் பார்த்த அதிர்வுகளில் இத்தனை அழகானது சிலவே. அவருக்கு என் வணக்கம்.”

கடைக்காரர் மடலை இரண்டாம் முறை படித்தார். இரண்டு கடல்களுக்கு அப்பால் பனிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருவர், அவர் வீட்டில் ஒருவருக்கு எந்தக் காலில் அழுத்தம் என்று சொல்கிறார். அதே வீட்டில் இருபத்திரண்டு வருடமாகச் சாப்பிட்டுத் தூங்கும் அவருக்கு அது தெரியவில்லை.

“சார், கீழ்வரி தெரியலைன்னு சொன்னேன்,” என்றார் பெரியவர். “கேக்குதா? இந்த லென்ஸ் எனக்கா, உங்களுக்கா?”

கடைக்காரருக்குக் கீழ்வரி தெரிந்துவிட்டது. திருமணமான முதல் மாதம். பள்ளிக்காலத்தில் கயிறு தாண்டுவதில் பரிசெல்லாம் வாங்கிய பெண், புது வீட்டுக் கூடத்தில் தாண்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நண்பர்கள். அவர் கையைத் தூக்கி, “எல்லாரும் ஓடுங்க! எங்க வீட்டுக்குன்னு தனியா ஒரு பூகம்ப எச்சரிக்கை வேணும்!” என்றார். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கயிற்றை மடித்து எங்கோ வைத்தாள். எங்கே வைத்தாள் என்று அவர் கேட்டதில்லை.

அன்று மாலையே உரிமையாளரிடம் போய்த் தம்முடைய தவற்றைச் சொன்னார். நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டு, மணிகளை நீக்கினார். குழுவில், “தவறு கருவியுடையதல்ல. என்னுடையது,” என்று எழுதினார். ஐந்நூறு பேர் சிரித்தார்கள். அது தமக்கு வேண்டியதே என்று வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு பிற்பகல் இரண்டரைக்குக் கூடத்து நாற்காலிகளை ஓரமாக நகர்த்தினார்.

“என்ன பண்றீங்க?” என்றார் மனைவி.

“இடம் போதுமான்னு பாரு.”

மனைவி நாற்காலிகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “தெரிஞ்சுபோச்சா?”

“நேத்து. செவ்வாய்க்கிழமை மெஷின் ஓடாதப்போ தாண்டினது…”

“பாவம், அவங்க வேலை என்னால நின்னுபோச்சு. வேற எப்படி உங்களுக்குப் புரிய வைக்கிறது?”

“வாயால சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா சிரிப்பீங்க.”

கடைக்காரர் கடைசி நாற்காலியையும் சுவரோடு ஒட்டினார். “அன்னிக்கு நான் சொன்னது ரொம்பத் தப்பு,” என்று சொன்னார். “உன் இடக்கால்ல அழுத்தம் அதிகமாம். உலகமே வணக்கம் சொல்லுது. நானும்.”

மனைவி ஷூவைக் கட்டினார். பீரோவின் பின்னாலிருந்து கயிற்றை எடுத்தார். கூடத்தின் நடுவில் வந்து நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். இரண்டு நாற்பது ஆயிற்று. நாற்பத்திரண்டு ஆயிற்று.

“நான் வேணா வெளிய போகட்டுமா?”

“அதில்லைங்க. கீழ மெஷின் சத்தம் கேக்கலை. கேக்காட்டா எனக்குக் கால் எழும்பாது. பழகிப்போச்சு. செவ்வாய்க்கிழமை மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாண்டினேன்.”

காரணம் விளங்காவிட்டாலும் கடைக்காரர் ஒரே மூச்சில் கீழே இறங்கினார். தையற்கார அம்மாள் சீருடைகளின் நடுவே பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் மேல் துணி மூடியிருந்தது.

“அம்மா, உங்க மேல அநியாயமா பழி போட்டுட்டேன். ஒன்பது நாள் வேலை கெட்டுது. மன்னிச்சுடுங்க. அறுபதும் முடியிற வரைக்கும் பித்தான் தைக்க நான் வந்து உக்கார்றேன். ஊசியில நூல் கோக்குறது மட்டும் எனக்கு நல்லா வரும்.” அங்கேயே தரையில் அமர்ந்து, ஒரு சட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “இப்போ தயவுசெஞ்சு மெஷினை ஓட்டுங்க. மேல அவ காத்திருக்கா.”

“நீங்க வீட்ல இருக்கும்போதா?” அம்மாள் திகைத்துப் போனார்.

“இருக்கும்போதுதான். ஓட்டுங்கம்மா.”

அம்மாள் துணியை விலக்கி மிதியில் காலை வைத்தார். மெஷின் உறுமியது. இரண்டு விநாடி கழித்து, தலைக்கு மேலே, தடக், தடக், தடக் என்று தொடங்கியது. விளக்குக் கூண்டு மெல்ல ஆடியது. கண்ணாடிப் புட்டியில் பித்தான்கள் கலகலத்தன. கடைக்காரரின் சட்டைப் பையில் கைப்பேசி துள்ளியது. அவர் அதை எடுக்கவில்லை. மயிர்க்கூச்செறியத் தலையை அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னமா தாண்டுறா!” என்றார். பிறகு, “ஆனா ஒண்ணு மட்டும் புரியலைம்மா. நான் பார்த்த ரெண்டு தடவையும் உங்க மெஷின் நின்ன அதே நொடி அந்த அதிர்வும் நின்னுதே. அதை நம்பித்தானே உங்களைக் குத்தம் சொன்னேன்?”

அம்மாள் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“நீங்க தெருமுனை திரும்பினதும் மெஷினை நிறுத்துவேன் சார், அந்தச் சத்தம் நின்னா அக்கா கயித்தை மடிச்சு வெச்சுடுவாங்க; மூணு வருஷமா எங்க ஆபத்து எச்சரிக்கை ஒரு நாள்கூடப் பொய்யாப் போனதில்லை.”